பெருங்கணினி உரைப்பதிப்பியில் தரவை நகலெடுத்தலும் நகர்த்தலும்

ஐபிஎம் பெருங்கணினிகளில் நிரல்களை எழுதவும் திருத்தவும் ஐஎஸ்பிஎஃப் பதிப்பி பயன்படுகிறது. இங்கு ஒரு நூலகக் கோப்பு, மெம்பர் எனப்படும் பல உறுப்புகளைக் கொண்டிருக்கும். உறுப்புகளுக்கிடையே தரவைக் கொண்டுசெல்லும் கட்டளைகள் ஒன்றுபோல் தோன்றினும், பழைய தரவு எஞ்சுமா என்பதில் வேறுபடுகின்றன.

தரவைப் பெறுதல்: ஒரு வரியின் பின் சேர்க்க அதன் வரியெண் மீது 'ஏ' எனவும், முன் சேர்க்க 'பி' எனவும் இட்டு, கட்டளை வரியில் 'காப்பி' என்பதுடன் உறுப்பின் பெயரைத் தருதல் வேண்டும். மூல உறுப்பு மாறாது நிற்கும். 'மூவ்' எனத் தந்தால் அது நூலகத்திலிருந்து நீக்கப்படும்.

தரவை அளித்தல்: தேவையான பகுதியின் முதல் வரியிலும் இறுதி வரியிலும் 'சிசி' என இட்டு, 'கிரியேட்' என்பதுடன் பெயரைத் தந்தால் புதிய உறுப்பு உருவாகும். அப்பெயரில் உறுப்பு முன்னரே இருப்பின் கட்டளை ஏற்கப்படாது. 'ரீப்ளேஸ்' அவ்வாறு தடுப்பதில்லை. பழைய உள்ளடக்கம் முழுவதும் மறைந்து புதியது அவ்விடத்தில் அமையும்.

'மூவ்', 'ரீப்ளேஸ்' ஆகியவற்றை நிறைவேற்றுமுன் பயனரின் ஒப்புதலைக் கேட்கும் தெரிவு, 'எடிட்செட்' அமைப்பில் உள்ளது. அதனை இயக்கிவைப்பதும், 'காப்பி' செய்து சரிபார்த்த பின்னரே மூலத்தை நீக்குவதும் தரவிழப்பைத் தவிர்க்கும்.