நினைவு, மறதி, மருந்து: விலங்காய்வு காட்டிய வழி

மறதி என்னுஞ் சொல் தமிழில் இருவேறு நிலைகளைக் குறித்து வழங்குகின்றது. வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்துக் கடிந்த பொச்சாப்பு, மகிழ்ச்சி மிகுதியாற் கடமையில் அயர்ந்திருத்தலாம். அது திருத்தற்குரிய குற்றம். முதுமையிற் சிலரைப் பற்றும் மறதியோ குற்றமன்று, நோய். நேற்று வந்துபோன மகனை இன்று யாரென வினவுந் தாயைச் சினந்து பேசுவார் இவ்விரண்டினையும் ஒன்றெனக் கொண்டு மயங்குகின்றனர். மூளையில் எவ்விடத்து எத்தகைய பழுது நேர்ந்தால் நினைவு கெடும், கெட்டதனை மருந்தாற் சீர்செய்தல் கூடுமோ என்று அறிஞர் ஆராயப் புகுந்தபோது அவர்க்குத் துணைநின்றவை எலியும் குரங்கும் மீனுமே. அவ்வாராய்ச்சி மனிதனுக்கு எவ்வளவு தூரம் பயன்பட்டது, எவ்விடத்தில் வழிதவறியது என நோக்குதல் தகும்.

விலங்கின் கற்றலை அளந்தறியும் முறை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே தோன்றியது. அமெரிக்கராகிய எட்வேட் தோண்டைக் பசித்த பூனைகளைப் பெட்டியில் அடைத்து, தாழை நீக்கி வெளிவருதற்கு அவை எடுத்த நேரத்தைக் குறித்து 1898இல் வெளியிட்டார். உருசியாவிற் பாவ்லோவ் நாயின் உமிழ்நீரை அளந்தார். இவை உளநூல் பயில்வார் யாவரும் அறிந்தனவாதலின் ஈண்டு விரித்தல் வேண்டா. கற்றல் என்பது எண்ணால் அளக்கத்தக்கதொன்றாயிற்று என்பதே நாம் கொள்ளவேண்டியது. அளக்கத்தக்கதாயின், மருந்தொன்றைக் கொடுத்து அது கூடுகின்றதா குறைகின்றதா என்று பார்த்தலும் இயலும்.

அவ்வாறு முதலிற் பார்த்தவர்களுள் ஒருவர் கார்ல் லாஷ்லி. இவர் 1917இல் ஸ்ரிக்னைன் என்னும் பொருளைச் சிறிதளவு எலிகளுக்குச் செலுத்திச் சிக்கலான வழிகள் அமைந்த கூண்டில் ஓடவிட்டார். மருந்து பெற்ற எலிகள் விரைந்து வழி கற்றன. ஸ்ரிக்னைன் என்பது நம் நாட்டார் நன்கறிந்த எட்டிவிதையிலுள்ள நஞ்சேயாம். பரீட்சைக் காலத்தில் நினைவுக் குளிசை தேடும் மாணாக்கர் இதைக்கேட்டு மகிழ்தல் வேண்டா. பயன்தரும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடையிலுள்ள தூரம் மிகச் சிறிது.

பல ஆண்டுகளின் பின்னர் ஜேம்ஸ் மக்கோ என்னும் அறிஞர் இப்பரிசோதனையில் ஒரு மாற்றஞ் செய்தார். மருந்தைப் பயிற்சிக்கு முன்னர்க் கொடுப்பின், எலி நன்றாகக் கற்றதற்குக் கண்கூர்மையோ சுறுசுறுப்போ காரணமாகலாம் என்று ஐயுறுதற்கு இடமுண்டு. ஆகவே அவர் பயிற்சி முடிந்தபின் மருந்தைச் செலுத்தினார். அப்போதும் மறுநாள் அவ்வெலிகள் மற்றவற்றினும் சிறந்து விளங்கின. எலி கற்றபோது அதன் உடலில் மருந்தே இல்லை. எனவே மருந்து தொழிற்பட்டது கற்றலின்மீதன்று. கற்றது மூளையிற் பதிந்து உறைதலின்மீதே என்பது போதரும். இந்நூற்றாண்டு வரையும் வந்துள்ள நினைவாராய்ச்சிகளுள் இத்துணை எளிதாகவும் இத்துணை நுட்பமாகவும் அமைந்தவை சிலவே.

பதிதற்குக் காலஞ் செல்லும் என்பதை வேறு சிலரும் மறுதலையாகக் காட்டினர். டங்கன் என்பார் 1949இல், ஒன்றைக் கற்ற எலிகளின் மூளையில் மின்னதிர்ச்சி பாய்ச்சினார். கற்றவுடன் அதிர்ச்சி பெற்றவை கற்றதை இழந்தன. ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ கழிந்தபின் பெற்றவை பெரும்பாலும் இழக்கவில்லை. 1960களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்துப் பேணாட் அக்ரனொவ் பொன்மீன்களுக்கு ஒளியைக் கண்டதும் தடையைத் தாண்டி நீந்தப் பழக்கி, உடனே பியூரோமைசின் என்னும் மருந்தைச் செலுத்தினார். உயிரணுக்கள் புதிய புரதம் ஆக்குவதைத் தடுப்பது அம்மருந்து. சில நாட்களின்பின் மீன்கள் கற்றதை மறந்திருந்தன. ஒரு மணி நேரந் தாழ்த்துக் கொடுத்தபோது மருந்து வலியிழந்தது. நெடுநாள் நிற்கும் நினைவுக்கு மூளை புதிய புரதங்களை ஆக்கவேண்டும் என்னுங் கருத்து இவ்வாறு வேரூன்றியது.

இனி மனிதனிடத்து வருவோம். 1953ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹாட்போட் நகரில், கொடிய வலிப்பு நோயால் வருந்திய ஹென்றி மொலேசன் என்னும் 27 வயது இளைஞருக்கு வில்லியம் ஸ்கோவில் என்னுஞ் சத்திரவைத்தியர் மூளையின் இருமருங்கும், கன்னப்பொறிக்கு உட்புறமாக உள்ள பகுதியை அகற்றினார். அப்பகுதியில் அடங்கியது கடற்குதிரை போல வளைந்திருத்தலால் ஹிப்பொகாம்பசு எனப் பெயர்பெற்ற உறுப்பு. வலிப்புக் குறைந்தது, அறிவும் மொழியும் குன்றவில்லை. ஆனால் அன்றுமுதல் அவரிடத்துப் புதிய நினைவெதுவும் நிலைக்கவில்லை. சற்றுமுன் உரையாடியவர் அறையை விட்டகன்று மீண்டால் புதியவராகவே தோன்றினார். உண்டதை மறந்தார். இளமையில் நிகழ்ந்தவற்றை மட்டும் பெரிதும் நினைவில் வைத்திருந்தார். ஸ்கோவிலும், மொன்றியல் நகர உளநூலறிஞராகிய பிரெண்டா மில்னரும் 1957இல் இதனை வெளியிட்டபோது, அத்தகைய சத்திரசிகிச்சையை இருமருங்குஞ் செய்தலாகாது என்ற எச்சரிக்கையும் உடன்வந்தது. ஒரு மனிதர் இழந்ததனால் உலகம் அறிந்தது இது. 2008இல் இறக்கும்வரை அவர் ஆராய்வோருக்கு இணங்கியே இருந்தார். முன்னர்த் தாம் ஆராயப்பட்டதையோ அவர் அறியார்.

மில்னர் கண்டவற்றுள் வியப்புக்குரியது ஒன்றுண்டு. கண்ணாடியிற் காணும் உருவை மட்டும் நோக்கி ஒரு நட்சத்திரத்தின் ஓரத்தைப் பென்சிலால் வரையுமாறு அவர் மொலேசனைப் பணித்தார். நாள்தோறும் பிழை குறைந்து, மூன்றாம் நாளிற் கை நன்கு பழகிவிட்டது. ஆயினும் இதனை முன் செய்ததாக மொலேசன் ஒருபோதும் நினைவுகூரவில்லை. அவருடைய கை கற்றிருந்தது. அவர் கற்றதை அவர் அறியவில்லை. ஆகவே நினைவென்பது ஒன்றன்று. பழக்கத்தின் நினைவு வேறு, நிகழ்ச்சியின் நினைவு வேறு.

இவ்வேறுபாடு விளங்காமையாலேயே விலங்காய்வு நெடுங்காலம் தடுமாறியது. குரங்கிலும் எலியிலும் அதே உறுப்பை அகற்றிப் பார்த்தவர்கள், அவை முன்போலவே பலவற்றைக் கற்பதைக் கண்டு திகைத்தனர். மனித மூளை தனிப்பட்டதோ என்றும் எண்ணினர். உண்மையில் அவர்கள் வினவிய வினாவே பொருந்தாதது. பன்முறை பயிற்றிப் பரிசு கொடுத்துக் கற்பிக்கப்படுவன பழக்கங்கள். மொலேசனும் அவற்றைக் கற்கவல்லவரே. 1978இல் மோட்டிமர் மிஷ்கின் குரங்குகளுக்கு வேறொரு சோதனை வைத்தார். ஒரு பொருளை ஒருமுறை காட்டி, சிறிது நேரங் கழிந்தபின் அதனையும் புதிய பொருளொன்றையும் சேர்த்து வைத்தார். புதியதை எடுத்தால் உணவு கிடைக்கும். ஒருமுறை கண்டதை நினைவில் வைத்திருந்தாலன்றி இதில் வெல்ல முடியாது. ஹிப்பொகாம்பசையும் அதனை அடுத்த பகுதியையும் இழந்த குரங்குகள் இதிலே தோற்றன. எலிகளுக்கு இத்தகைய சோதனை றிச்சட் மொறிஸ் 1981இல் விவரித்த நீர்த்தொட்டியாகும். கலங்கிய நீரின்கீழ் மறைந்துள்ள சிறு மேடையைச் சுற்றுப்புற அடையாளங்கொண்டு எலி தேடியடைதல் வேண்டும். ஹிப்பொகாம்பசு கெட்ட எலி வீணே நீந்திக்கொண்டிருக்கும். ஆசிரியர்க்கும் இதில் ஒரு செய்தி உண்டு: மாணவன் ஒன்றையறியான் என்று கூறுமுன், வினாத்தாள் அதனைத்தான் வினவியதா என்று பார்த்தல் நலம்.

நிற்க. மருந்துக்கு மீள்வோம். ஒற்றோ லோவி 1921இல் இரு தவளை இதயங்களைக்கொண்டு, நரம்பு தன் ஏவலை ஓர் இரசாயனப் பொருளால் உணர்த்துகின்றது என்று காட்டினார். அப்பொருள் அசெற்றைல்கோலின் எனப்பட்டது. மூளையிலும் அது உண்டு. ஊமத்தையிலுள்ள ஸ்கொப்பொலமின் இதன் தொழிலைத் தடுக்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியிற் பேறுகாலப் பெண்களுக்கு மோபீனுடன் இது கொடுக்கப்பட்டது. அவர்கள் நோவை உணர்ந்தார்களாயினும் பின்னர் அதனை நினைவுகூரவில்லை. 1974இல் டேவிட் டிராக்மன் நலமுள்ள இளைஞருக்கு இம்மருந்தைக் கொடுத்துச் சோதித்தார். கேட்ட எண்களை உடனே திருப்பிச் சொல்ல அவர்களால் முடிந்தது. நீண்ட பட்டியலைச் சேமித்து வைத்தல் முடியவில்லை. மறதியின் சாயல் முதியோருடையதை ஒத்திருந்தது. இரண்டாண்டுகளின்பின், அல்சைமர் நோயால் இறந்தோரின் மூளையில் அசெற்றைல்கோலினை ஆக்கும் நொதியம் மிகக் குறைந்திருத்தல் பிரித்தானியாவிற் கண்டறியப்பட்டது.

விடை கிடைத்துவிட்டது என்றே பலரும் எண்ணினர். அசெற்றைல்கோலினைச் சிதைக்கும் நொதியத்தைத் தடுத்தால் எஞ்சியுள்ள சிறிதளவாவது நெடிது நிற்குமன்றோ? இந்நெறியிற் பிறந்த தக்கிரின் 1993இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஈரலுக்கு ஊறு செய்தமையாற் பின்னர் வழக்கொழிந்தது. 1996இல் வந்த டொனெபெசில் இன்றும் கொடுக்கப்படுகின்றது. இவற்றாற் சிலர்க்குச் சிறிது காலம் சிறிது தெளிவு உண்டாகும், நோயோ நிற்பதில்லை.

இங்கேதான் விலங்காய்வின் குறை புலனாகின்றது. புதிய மருந்துகளைத் தெரிவுசெய்ய ஆய்வாளர் மேற்கொண்ட முறை, நலமுள்ள இளம் எலிக்கு ஸ்கொப்பொலமின் கொடுத்து மறதியை உண்டாக்கி, அம்மறதியை எம்மருந்து நீக்குகின்றது என நோக்குவதாகும். பூட்டிய கதவைத் திறவுகோல் திறக்கும் என்பதற்கு மேல் இது என்ன காட்டும்? அசெற்றைல்கோலினைத் தடுத்து உண்டாக்கிய மறதியை அதனைப் பெருக்கும் மருந்து நீக்குதல் வியப்பன்று. அல்சைமர் நோயாளியிடத்தில் நரம்பணுக்களே ஆயிரமாயிரமாய் மடிகின்றன. பூட்டப்பட்ட கதவன்று, இடிந்து விழும் வீடு.

இதனையுணர்ந்தே, நோயாளர் மூளையிற் படியும் அமிலொயிட்டு என்னும் புரதத்தைத் தாமே மிகையாக ஆக்கும் சுண்டெலிகளை 1995 முதல் மரபணு மாற்றத்தால் உண்டாக்கினர். 1999இல் அப்புரதத்தையே தடுப்பூசியாக ஏற்றியபோது எலிகளின் மூளையிற் படிவு குறைந்தது. அடுத்த ஆண்டில், ஊசி பெற்ற எலிகள் நீரிலமைந்த சோதனைகளிலும் நினைவு குன்றாது நின்றன. நம்பிக்கை மிகுந்தது. மனிதரிற் செய்த சோதனையிலோ, ஊசி பெற்றோருள் நூற்றுக்கு ஆறுபேர் வரையில் மூளையழற்சியுற, அது 2002இல் நிறுத்தப்பட்டது. பின்னர் அதே நோக்குடன், உடலை எதிர்க்கத் தூண்டாது எதிர்ப்புப் பொருளையே நேரே செலுத்தும் முறை வந்தது. அவ்வகையில் 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெக்கனெமாப், தொடக்கநிலை நோயாளரில் 18 மாத காலத்தில் நோயின் போக்கை ஏறக்குறைய நூற்றுக்கு 27 பங்கு தாமதப்படுத்திற்று. சிலரின் மூளையில் வீக்கமும் குருதிக்கசிவும் நேர்ந்தன. சுண்டெலி மாதக்கணக்கில் நோயுறுகின்றது. மனிதரிடத்தில் முதற் குறி தோன்றுதற்குப் பல்லாண்டுகட்கு முன்னரே படிவு தொடங்கிவிடுகின்றது. ஆதலால் மறதி தோன்றுதற்கு முன்பே, படிவு மட்டும் உள்ளவர்களைத் தேர்ந்து இம்மருந்தைக் கொடுத்துப் பார்க்கும் சோதனைகளும் தொடங்கப்பட்டுள்ளன.