மில்லிமீட்டரில் வயது

கருவின் வயதைச் சரியாகச் சொல்ல ஏற்ற காலம், அது விரல் நீளம்கூட வளராத முதல் மூன்று மாதம்தான். வயிறு தெரிந்த பிறகு போடும் கணக்கெல்லாம் தோராயம்.

வழக்கமான கணக்கு எல்லோருக்கும் தெரியும். கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் பிரசவ நாள். மொத்தம் 280 நாள். ஹைடல்பெர்க் மகப்பேறு மருத்துவர் நேகலேயின் பெயரால் இது வழங்குகிறது. கரு உண்டாவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பிருந்தே எண்ணத் தொடங்குவதால், சீட்டில் ‘ஆறு வாரம்’ என்றிருந்தால் கருவுக்கு நான்கு வாரம்தான். (கல்யாணத் தேதியை விரல்விட்டு எண்ணும் மாமியார்கள் கவனிக்க.) மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருகிறவர்களுக்கும் பால் கொடுக்கும்போதே மறுபடி உண்டானவர்களுக்கும் இந்தக் கணக்கு உதவாது. தேதியே நினைவில்லாதவர்களும் உண்டு.

1973இல் கிளாஸ்கோவில் ஹியூ ராபின்சன் வேறு வழி காட்டினார். ஸ்கேனில் கருவின் உச்சந்தலையிலிருந்து பிட்டம்வரை அளந்தார். மடங்கிக்கிடக்கும் கால்கள் கணக்கில் இல்லை. திசுவுக்குள் ஒலி நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் ஓடும். எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துக் கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. ஆறிலிருந்து ஒன்பது வாரம்வரை கரு நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும். அதனால் மில்லிமீட்டரோடு 42 கூட்டினால் நாள் கிடைத்துவிடும்: 20 மி.மீ. என்றால் 62 நாள், ஒன்பது வாரத்துக்கு ஒரு நாள் குறைவு. அதற்குமேல் வளர்ச்சி வேகமெடுப்பதால் அட்டவணைதான் பார்க்க வேண்டும். ஐந்தாம் வாரமே அவசரப்பட்டுப் போனால் கருவைச் சூழ்ந்த பை மட்டும் தெரியும், அளக்க ஒன்றும் இருக்காது.

குள்ளமான பெற்றோரின் கருவும் நெட்டையானவர்களின் கருவும் முதல் மூன்று மாதங்களில் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் வளர்கின்றன. பரம்பரை, ஊட்டம், தாயின் உடல்நிலை ஆகியவற்றால் வரும் வித்தியாசம் பிறகுதான் தெரிய ஆரம்பிக்கும். ஏழாம் மாதத்துக்குப் பிறகு ஸ்கேன் சொல்லும் வயது மூன்று வாரம்வரை முன்பின் ஆகலாம்.

மாதவிலக்குக் கணக்குக்கும் ஸ்கேனுக்கும் ஒன்பது வாரத்துக்குள் ஐந்து நாளுக்கு மேல், பதினான்கு வாரத்துக்குள் ஏழு நாளுக்கு மேல் இடைவெளி இருந்தால் ஸ்கேன் தேதியை எடுத்துக்கொள்வது பரவலான நடைமுறை. அப்படி முடிவான தேதியை அப்புறம் மாற்றக் கூடாது. எட்டாம் மாத ஸ்கேன் சீட்டில் கருவி வேறொரு பிரசவ நாளை அச்சடித்துத் தரும். வீட்டில் குழப்பம் வரும். அன்றைய அளவை வைத்து அது போடும் கணக்கு அவ்வளவுதான். அதை நம்பித் தேதியைத் தள்ளிவைத்தால், வளர்ச்சி குன்றிய குழந்தையும் வயதுக்கேற்ற அளவில் இருப்பதாகவே தாளில் தெரியும்.