நாள் வாடகை வீடுகளும் மலையக உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பும்

ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் நுவரெலியா நகரின் முகமே மாறிவிடுகின்றது. மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், கிரகரி வாவிக் கரையின் களியாட்டங்கள் என வசந்தகாலம் களைகட்டும்போது விடுதிகள் நிரம்பி வழிகின்றன. விடுதிகளில் இடம் கிடைக்காதவர்கள் வீடுகளை நாடுகின்றனர். வீட்டுக்காரர் பின்னறைக்கு ஒதுங்கிக்கொண்டு முன்னறைகளை நாள் வாடகைக்கு விடுவது இங்கு நெடுங்காலப் பழக்கமாகும். கிழக்கிலிருந்தும் கொழும்பிலிருந்தும் கூட்டுக் குடும்பமாக வருகின்ற முஸ்லிம்கள், ஹலால் உணவைத் தாமே சமைத்துக்கொள்ளும் வசதிக்காக முழு வீட்டையே எடுப்பதும் நாமறிந்ததே. இந்துக்கள் சிவனொளிபாதமலை என்றும் முஸ்லிம்கள் பாவாத மலை என்றும் போற்றுகின்ற மலைக்கு யாத்திரிகர் ஏறும் மார்கழி முதல் வைகாசி வரையான காலத்தில் மஸ்கெலியாவிலும் நல்லதண்ணியிலும் இதே நிலைமைதான்.

ஆனால், இப்பழக்கம் இன்று பழைய வடிவில் இல்லை. 2008 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றிய ஏர்பிஎன்பி போன்ற இணையத்தளங்கள், உலகின் எந்த மூலையில் இருப்பவரும் ஹற்றனிலுள்ள ஒரு வீட்டை நொடிப்பொழுதில் பதிவு செய்யும் வழியைத் திறந்துவிட்டன. அதன் விளைவாக, தாம் குடியிருக்கும் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடும் குடும்பம் ஒருபுறமும், வேறு நகரத்தில் இருந்துகொண்டு முகாமையாளர் ஒருவர் மூலம் வீடுகளை நடத்தும் முதலீட்டாளர் மறுபுறமுமாக இரு வேறு தரப்பினர் ஒரே தொழிலில் இறங்கியுள்ளனர். இவ்விரு தரப்பினரையும் ஒரே தராசில் நிறுப்பது நீதியாகாது என்பதே நமது நிலைப்பாடு.

சட்டம் இல்லாமல் இல்லை. 2005 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்க சுற்றுலாச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை, உல்லாசப் பயணிகளைத் தங்கவைக்கும் இடங்களைப் பதிவு செய்கின்றது. விருந்தினர் இல்லம், பங்களா, வாடகை வீடு, குடும்பத்தவருடன் தங்கும் வீடு என அதில் தனித்தனி வகைகள் உள்ளன. மறுபுறத்தில் கட்டட அனுமதி, சுகாதாரம், கழிவகற்றல், வியாபார அனுமதிப்பத்திரம் ஆகியவை மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை ஆகியவற்றின் கைகளில் உள்ளன. சுற்றுலா அதிகார சபையின் அங்கீகாரம் பெற்ற விடுதிகளிடம் அவற்றின் வருமானத்தில் நூற்றுக்கு ஒரு வீதம் வரை அனுமதிக் கட்டணம் அறவிடவும் உள்ளூராட்சிச் சட்டங்கள் இடமளிக்கின்றன. ஆகவே, பதிவில்லாத ஒவ்வொரு வீடும் சபைக்கு வரவேண்டிய வருமானத்தைக் குறைக்கின்றது. ஆனால் அவ்வீட்டின் குப்பையைச் சபையே அள்ளவேண்டியிருக்கின்றது.

வருமானத்திலும் பெரிது உயிர்ப் பாதுகாப்பு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த பெருமழையில் நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களின் மலைச்சரிவுகள் இடிந்து வீழ்ந்ததை நாம் கண்ணீரோடு பார்த்தோம். மண்சரிவு அபாயமுள்ள பகுதிகளில் கட்டடம் எழுப்புவதற்கு முன்னர் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசைப் பெறவேண்டும். காட்சி அழகுக்காகச் சரிவின் விளிம்பில் எழுப்பப்படும் வாடகை வீடு அந்தச் சிபாரிசைப் பெற்றதா என்பதை, இணையத்தில் படத்தைப் பார்த்துப் பணம் செலுத்தும் பயணி எவ்வாறு அறிவார்? நள்ளிரவில் வெளியேறுமாறு எச்சரிக்கை விடுக்கப்பட்டால், எந்த வீட்டில் எத்தனை பேர் தங்கியுள்ளனர் என்ற விபரம் கிராம சேவகரிடமோ பொலிஸாரிடமோ இருக்கவேண்டாமா?

தண்ணீரின் கதையும் இதனோடு சேர்ந்ததே. மவுசாகலை, காசல்றீ நீர்த்தேக்கங்களுக்குச் செல்லும் ஓடைகள் களனி கங்கையின் ஊற்றுக்களாகும். அக்கங்கையே கொழும்பு மாநகருக்குக் குடிநீர் தருகின்றது. முறையான மலக்குழி இல்லாத ஒரு தங்குமிடம் மஸ்கெலியாவில் இழைக்கும் தவறின் பலனைத் தலைநகரமும் அனுபவிக்க நேரிடும்.

உலகின் பெருநகரங்களும் இப்பிரச்சினையோடு மல்லுக்கட்டுகின்றன. நியூயோர்க் நகரில் 2023 செப்டெம்பர் முதல் நடைமுறைப்படுத்தப்பட்ட சட்டப்படி, 30 நாட்களுக்குக் குறைவாக வீட்டை வாடகைக்கு விடுபவர் நகர நிர்வாகத்தில் பதிவு செய்யவேண்டும். அவர் அவ்வீட்டிலேயே இருக்கவேண்டும். விருந்தினர் இருவருக்கு மேற்படலாகாது. ஸ்பெயினின் பார்சிலோனா நகரம், உல்லாசப் பயணிகளுக்கான சுமார் பத்தாயிரம் அடுக்குமாடி வீடுகளின் அனுமதிகளை 2028 ஆம் ஆண்டுக்குள் முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக 2024 இல் அறிவித்தது. நம்மைப் போன்றே தேயிலை விளையும் நீலகிரியில், சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே மாதம் முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. இவற்றை அப்படியே பிரதி செய்யவேண்டியதில்லை. ஆயினும் வீட்டில் குடியிருப்பவருக்கும் குடியிராதவருக்கும் இடையே நியூயோர்க் காட்டும் வேறுபாடு நமக்கும் பொருந்தும்.

ஏனெனில், மலையகத்தில் இக்கேள்வி காணி உரிமையோடு பின்னிப்பிணைந்துள்ளது. 1992 ஆம் ஆண்டில் தனியார்மயப்படுத்தப்பட்டதன் பின்னர் தோட்டங்கள் பெருந்தோட்டக் கம்பனிகளின் குத்தகையில் உள்ளன. துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் சில, காசல்றீ நீர்த்தேக்கத்தைச் சூழ 2005 ஆம் ஆண்டு முதல் உலகப் புகழ்பெற்ற ஆடம்பர விடுதிகளாகியுள்ளன. ஆனால், அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் குடும்பத்திற்கு லயன் அறையின்மீது உரித்தில்லை. ஏழு பேர்ச், பத்து பேர்ச் காணிகளில் கட்டிக் கொடுக்கப்பட்ட தனி வீடுகளில் குடியேறியவர்களுள்ளும் முழுமையான உறுதிப்பத்திரத்திற்காகக் காத்திருப்போர் பலர். சுற்றுலா அதிகார சபையில் பதிவு செய்ய உறுதியோ குத்தகை ஆவணமோ, அத்துடன் சபையின் கட்டட அங்கீகாரமோ கேட்கப்படும்போது, இவர்கள் வாசலிலேயே நின்றுவிடுகின்றனர். பங்களா பதிவாகின்றது; தொழிலாளியின் வீடு பதிவாவதில்லை. விருந்தோம்பலுக்குப் பெயர்பெற்ற ஒரு சமூகம் தன் வீட்டில் விருந்தினரைச் சட்டப்படி ஏற்க முடியாமல், பிறர் விடுதியில் துணி வெளுக்கவும் தோட்டம் கூட்டவும் மாத்திரம் தகுதி பெறுவது எந்த வகையில் நியாயம்?

பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் செலவு செய்வதற்கு இருந்த சட்டத் தடை 2018 ஆம் ஆண்டின் திருத்தத்தினால் நீக்கப்பட்டது. அதே ஆண்டு தேர்தலுடன் நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் பிரிக்கப்பட்டு கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா சபைகள் உருவாகின. 2025 மே மாதத் தேர்தலில் இச்சபைகளுக்கு மக்கள் மீண்டும் பிரதிநிதிகளை அனுப்பினர். இனிச் சாக்குப்போக்குக் கூற இடமில்லை.

இச்சபைகள் உபவிதிகளை இயற்றி வர்த்தமானியில் வெளியிடும் அதிகாரம் கொண்டவை. வீட்டுக்காரர் குடியிருந்து ஓரிரு அறைகளை வாடகைக்கு விடும் வீட்டிற்குக் குறைந்த கட்டணமும் எளிய பதிவும் போதுமானவை. உரிமையாளர் வசிக்காத முழு வீடுகளுக்கு மண்சரிவுச் சிபாரிசு, தீயணைப்பு வசதி, மலக்குழி, அருகிலேயே பொறுப்பாளர் ஒருவர் என்ற நிபந்தனைகள் கண்டிப்பாக இருக்கவேண்டும். பதிவிலக்கத்தை விளம்பரத்தில் காட்டாத வீட்டை இணையத்தளங்கள் ஏற்காதவாறு மத்திய அரசு பணிக்கவேண்டும். முற்பணம் செலுத்தி ஏமாறும் பயணிக்கும் அப்போதுதான் முறையிட ஓர் இடம் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, உறுதிப்பத்திரம் கிடைக்கும்வரை தோட்டத் தனி வீடுகளுக்கு வதிவிடச் சான்றின் அடிப்படையில் தற்காலிகப் பதிவு வழங்க வழி காணப்படவேண்டும்.

லயன் அறைகளின் வறுமையைக் காட்சிப்பொருளாக்குமாறு நாம் கூறவில்லை. பாதுகாப்பான, கண்ணியமான வீட்டில் வாழும் தோட்டக் குடும்பம், தான் விரும்பினால் அதனால் ஒரு வருமானம் பெறும் உரிமையைத்தான் கேட்கின்றோம். அவ்வருமானம் நகரத்து முஸ்லிம், தமிழ், சிங்கள வர்த்தகரின் கடைகளுக்கும் திரும்பி வரும். கட்டுப்பாடு என்பது எளியவரைத் துரத்தும் பிரம்பாக இல்லாமல், அவருக்கும் வழிவிடும் வேலியாக அமையவேண்டும். அடுத்த வசந்தகாலக் கூட்டம் மலையேறுவதற்கு முன்னர் மலையகச் சபைகள் இப்பணியைத் தொடங்கவேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.