மூலம் ஒன்று, கோப்புகள் பல

மின்னஞ்சலின் உள்கட்டுமானம் – 9

எந்த மடலை ஏற்பது, எதைத் திருப்பி அனுப்புவது, ஏற்றதை யாருடைய பெட்டியில் இடுவது, வெளியூருக்கு உரியதை எந்த வழியில் கொண்டுசேர்ப்பது என்பனவற்றை ஒரு மின்னஞ்சல் சேவையகத்தின் நிரல் தானாக முடிவு செய்வதில்லை. அந்த நிரல் தொடங்கும்போது படித்துக்கொள்ளும் அமைவுக் கோப்புகள், அதாவது நிர்வாகிகள் ‘கான்ஃபிக்’ என்று சுருக்கி அழைக்கும் எழுத்துக் கோப்புகள், முடிவு செய்கின்றன. லினக்ஸ் இயங்குதளத்தில் இவை எந்தத் திருத்தியிலும் திறந்து படிக்கக்கூடிய சாதாரணக் கோப்புகளே. ஆயினும் இவற்றில் ஓர் எண் மாறினால் ஒரு நிறுவனத்தின் அஞ்சல் போக்குவரத்து முழுவதும் தடம் மாறக்கூடும் என்பதால், இக்கோப்புகள் எதிலிருந்து உருவாகின்றன, யார் சரிபார்த்தபின் இயக்கத்துக்கு வருகின்றன என்ற கேள்வி, சேவையகத்தை நிறுவுவதைவிட முக்கியமானதாகிறது. எஸ்எம்டிபி நெறிமுறையில் இரு சேவையகங்கள் பேசிக்கொள்ளும் முறையைச் சென்ற பகுதி விளக்கியது. அந்தப் பேச்சுக்குப் பின்னால் நின்று விதிகளை வகுக்கும் கோப்புகளை இப்பகுதி ஆராய்கிறது.

இவ்விதிகள் ஏன் தேவைப்பட்டன என்பதை, மின்னஞ்சல் வரலாற்றில் ராஜபாளையத்தின் பெயர் இடம்பெறக் காரணமான ஒரு விவாதம் விளக்கும். ராஜபாளையத்தை அடுத்த முகவூரில் சிறுவயதைக் கழித்துப் பின்னர் அமெரிக்கா சென்ற சிவா அய்யாதுரை, 1978-இல் நியூ ஜெர்சியில் ஒரு மருத்துவக் கல்வி நிறுவனத்தின் உள்அலுவலகக் கடிதப் போக்குவரத்துக்காக ‘இமெயில்’ என்ற பெயரில் ஒரு நிரலை எழுதி, 1982-இல் அதற்குப் பதிப்புரிமையும் பெற்றார். மின்னஞ்சலையே அவர் கண்டுபிடித்தார் என்ற உரிமைகோரலைக் கணினி வரலாற்றாளர்கள் ஏற்கவில்லை. ரே டாம்லின்சன் 1971-இலேயே ஆர்பாநெட் வலையத்தில் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு மடல் அனுப்பி, பயனர் பெயரையும் கணினிப் பெயரையும் பிரிக்க ‘@’ குறியைப் பயன்படுத்தியிருந்தார். இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாத ஒரு வேறுபாடு இப்பகுதியின் பொருளுக்கு நேரடியாக உதவுகிறது. ஒரே நிறுவனத்துக்குள் மடல் சுற்றும்போது அனைவரின் பெயரும் ஒரே பட்டியலில் இருப்பதால் வழி தேட வேண்டிய தேவை எழுவதில்லை. முன்பின் அறியாத நிறுவனங்களுக்கு இடையே மடல் செல்லும்போதுதான் யாரை நம்புவது, எங்கே அனுப்புவது என்ற விதிகள் தேவைப்படுகின்றன. அமைவுக் கோப்பு பிறந்தது அந்தத் தேவையிலிருந்துதான்.

இவ்விதிகளின் இயல்பை அஞ்சல் துறையின் பின்கோடு தெளிவாகக் காட்டும். 1972 ஆகஸ்ட் 15-இல் நடைமுறைக்கு வந்த இந்த ஆறிலக்க எண்ணில் ராஜபாளையம் 626117, ஸ்ரீவில்லிபுத்தூர் 626125. முதல் மூன்று இலக்கங்கள் பிரிப்பு மாவட்டத்தையும் பின் மூன்று இலக்கங்கள் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தையும் குறிப்பதால், தொலைதூர ஊரில் கடிதங்களைப் பிரிப்பவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரின் தெருக்கள் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மின்னஞ்சலிலும் அனுப்பும் சேவையகம் முகவரியின் பிற்பகுதியான டொமைன் பெயரை மட்டும் பார்க்கிறது. அந்த டொமைனுக்கான மடல்களை ஏற்கும் கணினி எது என்பதை, 1986 முதல் வழக்கில் உள்ள ‘எம்எக்ஸ்’ என்னும் பதிவின் மூலம் டிஎன்எஸ் அமைப்பிடம் கேட்டறிகிறது. ‘@’ குறிக்கு முன்னுள்ள பெயருக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் மடலைப் பெறும் சேவையகத்துக்கு மட்டுமே உண்டு.

கையால் எழுத இயலாத கோப்பு

இன்று எளிதாகத் தோன்றும் இந்த ஒழுங்கு 1980-களின் தொடக்கத்தில் இல்லை. பெர்க்லியில் எரிக் ஆல்மன் எழுதி, 1983-இல் பிஎஸ்டி யூனிக்ஸுடன் பரவிய சென்ட்மெயில், ஒன்றுக்கொன்று பொருந்தாத பல வலையங்களின் முகவரிகளைக் கையாள வேண்டியிருந்தது: ஆர்பாநெட்டில் ‘@’ குறியும், யூயூசிபி வலையத்தில் வழியிலுள்ள ஒவ்வொரு கணினியின் பெயரையும் வியப்புக்குறியால் இணைக்கும் முறையும் வழங்கின. ஒரு வடிவ முகவரியை மற்றொரு வடிவத்துக்கு மாற்றும் விதிகளை எழுதுவதற்கென்றே சென்ட்மெயிலின் அமைவுக் கோப்பு ஒரு சிறு மொழியைக் கொண்டிருந்தது. டாலர் குறிகளும் ஒற்றை எழுத்துக் கட்டளைகளும் நிறைந்த அக்கோப்பைப் படித்துப் பொருள் கொள்ளத் தேர்ந்த நிர்வாகிகளும் தடுமாறினர்.

இச்சிக்கலுக்குக் கண்ட தீர்வே இன்றைய முறைகள் அனைத்துக்கும் முன்னோடி. நிர்வாகி சில வரிகளில் தன் தேவையை மட்டும் ஒரு மூலக் கோப்பில் எழுதுவார். கெர்னிகனும் ரிட்சியும் 1977-இல் உருவாக்கிய ‘எம்4’ என்னும் மேக்ரோ நிரல், அதாவது சுருக்கமான சொற்களை முன்கூட்டியே வரையறுத்த நீண்ட உரையாக விரித்துத் தரும் கருவி, அந்தச் சில வரிகளிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரிகள் கொண்ட முழு அமைவுக் கோப்பை உருவாக்கித் தரும். அவ்வாறு உருவான கோப்பின் தலைப்பகுதியில், இதைத் திருத்தக் கூடாது, மூலத்தையே திருத்த வேண்டும் என்ற எச்சரிக்கை இடம்பெற்றிருக்கும். மனிதர் எழுதுவது மூலம், இயந்திரம் உருவாக்குவது கோப்பு என்ற இந்தப் பிரிவினைதான் அமைவு மேலாண்மையின் அடிப்படை விதி.

இதே விதியைப் பின்வந்தோர் வெவ்வேறு வகையில் கையாண்டனர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிலிப் ஹேசல் 1995-இல் எழுதத் தொடங்கிய எக்ஸிம் நிரலை டெபியன் லினக்ஸ் வழங்கும்போது, நிறுவும்போது கேட்கும் கேள்விகளுக்கு நிர்வாகி தரும் விடைகளையும் சிறுசிறு துண்டுகளாக வைத்துள்ள கோப்புகளையும் ஒரு கட்டளை இணைத்து இறுதிக் கோப்பை ஆக்குகிறது. ஐபிஎம் ஆய்வகத்தில் வீட்சே வெனிமா எழுதி 1998 இறுதியில் வெளியான போஸ்ட்ஃபிக்ஸ், இடப்பக்கம் அளவுருவின் பெயர், வலப்பக்கம் அதன் மதிப்பு என்ற எளிய வடிவை ‘மெயின்’ கோப்பிலும், எந்தெந்தச் செயல்முறைகள் இயங்க வேண்டும் என்ற அட்டவணையை ‘மாஸ்டர்’ கோப்பிலும் வைத்தது. கோப்பு எளிதானதால் உருவாக்கும் வேலை தேவையற்றுப் போகவில்லை. பிழை நிகழும் இடம்தான் மாறியது.

ஓர் எண் தவறினால்

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை அலுவலகம் தன் சொந்த டொமைனில் போஸ்ட்ஃபிக்ஸ் சேவையகம் ஒன்றை நடத்துவதாகக் கொள்ளலாம். அலுவலகக் கணினிகள் மட்டும் வெளியூர்களுக்கு மடல் அனுப்ப வேண்டும் என்பதற்காக, நம்பத்தக்க வலையங்களைக் குறிக்கும் ‘மைநெட்வொர்க்ஸ்’ அளவுருவில் 192.168.1.0/24 என்று எழுதப்படும். சாய்கோட்டுக்குப் பின்னுள்ள 24, முகவரியின் முதல் 24 பிட்டுகள் ஒத்திருக்க வேண்டும் என்று கூறுவதால், 256 முகவரிகள் மட்டுமே இதில் அடங்கும். தட்டச்சில் 4 விடுபட்டு 192.168.1.0/2 என்று ஆகிவிட்டால், எண்கள் பொருந்தவில்லை என்பதைக் கண்டுகொள்ளும் போஸ்ட்ஃபிக்ஸ், 192.0.0.0/2 என்று இருக்க வேண்டுமோ என்று தன் பதிவேட்டில் ஓர் எச்சரிக்கையை எழுதும். அந்தப் பரிந்துரையை நிர்வாகி அப்படியே ஏற்றால் எச்சரிக்கை மறைந்துவிடும். ஆனால் இணையத்தின் பழைய முகவரிவெளியில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 107 கோடிக்கு மேற்பட்ட முகவரிகள், நம்பத்தக்கவை ஆகிவிடும். அறிமுகமற்ற எவரும் பிறருக்கு மடல் அனுப்பப் பயன்படுத்தும் இத்தகைய சேவையகத்துக்கு ‘ஓப்பன் ரிலே’ என்று பெயர். 1990-களில் ஸ்பேம் மடல்கள் பெருகியதற்கு இவை ஒரு முக்கியக் காரணமாக இருந்ததால்தான், 1998-இல் வந்த சென்ட்மெயில் 8.9 பதிப்பு, எவர் மடலையும் கடத்தும் வசதியை இயல்பாகவே மூடிவைத்தது.

இந்த எடுத்துக்காட்டு உணர்த்துவது தெளிவானது. இலக்கணச் சோதனை எழுத்துப் பிழையைக் காட்டுமே தவிர, எழுதியவரின் நோக்கத்தை அறியாது. நோக்கம் வேறொரு கோப்பில் தனியே பதிவாகியிருந்தால்தான், உருவான கோப்பு அந்த நோக்கத்தை மீறுகிறதா என்று சோதிக்க முடியும். அலுவலக வலையத்தின் அளவு 256 முகவரிகளைத் தாண்டக் கூடாது என்று மூலத்தில் எழுதிவைத்தால், உருவாக்கும் நிரலே 2 என்ற எண்ணை ஏற்க மறுத்துவிடும்.

போஸ்ட்ஃபிக்ஸின் வடிவமைப்பில் கையால் எழுதுவோர் அடிக்கடி இடறும் வேறு சில இடங்களும் உண்டு. வெற்றிடத்துடன் தொடங்கும் வரி முந்தைய வரியின் தொடர்ச்சியாகக் கொள்ளப்படும். ஆகவே புதிய அளவுருவுக்கு முன் தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்தால், அது மேலுள்ள அளவுருவின் மதிப்போடு ஒட்டிக்கொள்ளும். ஒரே அளவுரு இருமுறை எழுதப்பட்டால் பின்னதே செல்லும். மாற்று முகவரிகளின் பட்டியலைத் திருத்திய பின் ‘போஸ்ட்மேப்’ கட்டளையை இயக்கி, விரைவாகத் தேடுவதற்குரிய அட்டவணையாக மாற்றாவிட்டால், எழுத்துக் கோப்பில் புதிய பெயரும் இயக்கத்தில் பழைய பெயருமாக இருவேறு நிலைகள் நீடிக்கும்.

உருவாக்கும் ஒழுங்கு

எனவே ஒழுங்கான மேலாண்மை ஐந்து படிகளாக அமைகிறது. முதலாவதாக, டொமைன்கள், பயனர்கள், வலையங்கள் ஆகியவற்றின் பட்டியல் ஒரே மூலத்தில் இருக்க வேண்டும். இரண்டாவதாக, மாறாத பகுதிகளை நிலையாகவும் மாறும் இடங்களை வெற்றிடமாகவும் கொண்ட வார்ப்புருவில், அதாவது ‘டெம்ப்ளேட்’டில், அந்தப் பட்டியலை நிரப்பி ஒரு நிரல் கோப்புகளை ஆக்க வேண்டும்; சிறு அலுவலகத்துக்கு ஒரு ஷெல் நிரலே போதும், பல சேவையகங்கள் உள்ள இடத்தில் 2012-இல் வெளியான ஆன்சிபிள் போன்ற கருவி உதவும். மூன்றாவதாக, உருவான கோப்பைத் தற்காலிக இடத்தில் வைத்துச் சோதித்து, பழைய கோப்புக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டை ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும். நான்காவதாக, சோதனையில் தேறிய கோப்பை, பழையதன் மேல் எழுதாமல், பெயர் மாற்றும் முறையில் இடம்பெயர்க்க வேண்டும். ஒரே கோப்பு முறைமைக்குள் பெயர் மாற்றம் ஒரே கணத்தில் முழுமையாக நிகழ்வதால், பாதி எழுதிய கோப்பைச் சேவையகம் படிக்க நேராது. ஐந்தாவதாக, ஒவ்வொரு மாற்றமும் யாரால், எதற்காக நிகழ்ந்தது என்பதை ‘கிட்’ போன்ற பதிப்பு மேலாண்மைக் கருவியில் பதிந்து வைக்க வேண்டும். கடவுச்சொற்களும் மறைச்சாவிகளும் மட்டும் இப்பதிவில் இடம்பெறக் கூடாது. அவை நிர்வாகி ஒருவரே படிக்கத்தக்க அனுமதியுடன் தனிக் கோப்பில் இருக்க வேண்டும்.

மார்க் பர்கஸ் 1993-இல் ஓஸ்லோவில் தொடங்கிய ‘சிஎஃப்என்ஜின்’ இதற்கு மேலும் ஒரு கருத்தைச் சேர்த்தது: கணினி செய்ய வேண்டிய செயல்களை வரிசையாகச் சொல்வதைவிட, அது இறுதியில் இருக்க வேண்டிய நிலையைச் சொல்வதே பாதுகாப்பானது. அவ்வாறு எழுதிய நிரலை எத்தனை முறை இயக்கினாலும் விளைவு மாறாது. யாரேனும் இடையில் கையால் செய்த திருத்தமும் அடுத்த இயக்கத்தில் வெளிப்பட்டுவிடும்.

ஒரே மூலத்தின் பயன் சேவையகத்துக்கு வெளியேயும் நீள்கிறது. ஒரு டொமைனின் பெயரில் மடல் அனுப்ப உரிமையுள்ள கணினிகளை அறிவிக்கும் எஸ்பிஎஃப், மடலில் மறைச்சாவியால் ஒப்பமிடும் டிகேஐஎம், இவ்விரண்டும் தவறினால் பெறுபவர் என்ன செய்ய வேண்டும் என்று கூறும் டிமார்க் ஆகிய மூன்றும் டிஎன்எஸ் பதிவுகளாக வெளியிடப்படுகின்றன. ஜிமெயில் முகவரிகளுக்கு நாள்தோறும் 5,000-க்கு மேல் மடல் அனுப்புவோர் இவை அனைத்தையும் கொண்டிருக்க வேண்டும் என்று கூகுள் 2024 பிப்ரவரி முதல் வலியுறுத்துகிறது. சேவையகத்தில் உள்ள சாவியின் பெயரும் டிஎன்எஸ்ஸில் உள்ள பெயரும் ஓரெழுத்து வேறுபட்டாலும் ஒப்பம் செல்லாது; இரண்டும் ஒரே பட்டியலிலிருந்து உருவானால் அவ்வேறுபாடு தோன்ற வழியே இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் எழுப்பும் சிக்கல்

தமிழிலேயே முகவரி வைத்துக்கொள்ளும் வசதி 2012-இல் தரப்படுத்தப்பட்டு, 2015-இல் வந்த போஸ்ட்ஃபிக்ஸ் 3.0 பதிப்பில் இடம்பெற்றுவிட்டது, ‘.இந்தியா’ என்னும் தமிழ் உயர்நிலை டொமைனும் 2011 முதல் உள்ளது. ஆனால் ‘@’ குறிக்கு முன் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று ஊர்ப்பெயரை வைக்க விரும்பும் நிறுவனம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெயரின் முதலில் உள்ள ‘ஸ்ரீ’யை ‘ஸ’வில் தொடங்கிப் புள்ளியும் ‘ரீ’யும் சேர்த்து உள்ளிடலாம்; யூனிகோட் 2005-இல் தன் 4.1 பதிப்பில் சேர்த்த ‘ஶ’ என்ற எழுத்தில் தொடங்கியும் உள்ளிடலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகத் தெரிந்தாலும் கணினிக்கு அவை வெவ்வேறு குறியீட்டுத் தொடர்கள். ‘கொ’ போன்ற எழுத்துகளின் இருவகைக் குறியீடுகளை ஒன்றாக்கும் யூனிகோட் இயல்பாக்கம், இந்த இரண்டை ஒன்றாக்குவதில்லை. ஆகவே அட்டவணையில் ஒரு வகை மட்டும் இருந்தால், மற்ற வகையில் தட்டச்சிட்டவரின் மடல், முகவரி இல்லை என்ற காரணத்துடன் திரும்பிவிடும். கண்ணால் ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கோ எந்தப் பிழையும் புலப்படாது.

இதைக் கையால் தீர்க்க முயல்வது வீண். மூலப் பட்டியலில் ஊர்ப்பெயரை ஒருமுறை எழுதி, ‘ஸ்ரீ’ வரும் ஒவ்வொரு பெயருக்கும் இரு குறியீட்டு வடிவங்களிலும் மாற்று முகவரி வரிகளை உருவாக்குமாறு நிரலுக்குச் சொல்வதே நிலையான தீர்வு. அதே ஊர்ப்பெயரின் பிற்பகுதி ஆங்கிலத்தில் பலவாறு எழுதப்படுவதால் தோன்றும் மாற்று முகவரிகளையும் அதே நிரல் சேர்த்து ஆக்கிவிடும்.

கிருஷ்ணன்கோவிலில் 1984-இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி இன்று பல்கலைக்கழகமாக வளர்ந்துள்ள கலசலிங்கம் நிறுவனமும், ராஜபாளையத்தில் 2013-இல் தொடங்கிய ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரியும் இவ்வட்டாரத்தில் கணினி கற்றோரைத் தொடர்ந்து உருவாக்கி வருகின்றன. இங்கு விளக்கிய பயிற்சிக்கு டெபியன் நிறுவிய பழைய கணினி ஒன்று போதும். மேற்சொன்ன கருவிகள் அனைத்தும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. தமிழ் முகவரிகளின் நுட்பங்களைத் தொலைவிலுள்ள பெருநிறுவனங்கள் தாமாகக் கண்டு தீர்க்கும் என்று எதிர்பார்ப்பதைவிட, தமிழ் எழுத்தை நாள்தோறும் ஆளும் இளைஞர்கள் அவற்றை வார்ப்புருக்களாகவும் சோதனைகளாகவும் எழுதிப் பொதுவில் வைப்பது இம்மொழிக்குச் செய்யும் நிலைத்த பணியாகும்.

டிகேஐஎம் மறைச்சாவிகளை உருவாக்குவது, காலந்தோறும் மாற்றுவது, மாற்றும் நாளில் ஒரு மடலும் தவறாமல் காப்பது ஆகியவற்றை அடுத்த பகுதி விளக்கும்.