கடைக் கம்ப்யூட்டரிலிருந்து செல்போனுக்கு இன்டர்நெட்

கெட்டிச் சுவர் வைத்த பழைய கடைகளில் செல்போனுக்கு டவர் கிடைக்காமல், பணம் வந்ததா என்று பார்க்க வாசலுக்கு ஓடும் வியாபாரிகள் பலர். பில் போடும் கம்ப்யூட்டரில் கேபிள் இன்டர்நெட் இருந்தால் அதையே புளூடூத் வழியாகச் செல்போனுக்கும் தரலாம்.

முதலில் இரண்டையும் புளூடூத்தில் ஜோடி சேர்க்கவும். விண்டோஸ் 11 செட்டிங்ஸில் ‘மொபைல் ஹாட்ஸ்பாட்’ பகுதியில் ‘ஷேர் ஓவர்’ என்ற இடத்தில் புளூடூத்தைத் தேர்ந்து ஆன் செய்யவும். ஆண்ட்ராய்டு போனில் அந்தக் கம்ப்யூட்டர் பெயரைத் தொட்டு ‘இன்டர்நெட் அக்சஸ்’ என்பதையும் ஆன் செய்தாக வேண்டும். இதை விட்டால் ஜோடி சேர்ந்தும் பயனில்லை.

வேகம் நொடிக்கு 3 மெகாபிட்டைத் தாண்டாது. யு.பி.ஐ. வரவு பார்க்கத் தாராளம். கடைப் பையன் உயர்தர வீடியோ பார்க்கப் போதாது, அதுவும் நல்லதுதான்! சுமார் 10 மீட்டர் எட்டும், சுவர் குறுக்கிட்டால் குறையும். வங்கி எஸ்.எம்.எஸ்.ஸுக்கு டவர்தான் வேண்டும். ஆகவே சரக்கை எடுத்துக் கொடுக்குமுன் உங்கள் செயலியில் வரவைப் பாருங்கள்.