பேரிங் எங்கிருந்து வரும்?

புது தில்லி: 2025 ஆகஸ்டில் ராவி நதி பெருக்கெடுத்து அமிருதசரஸ் மாவட்டக் கிராமங்களைச் சூழ்ந்தபோது, ஆள் உயரச் சக்கரங்களுடன் நீரில் மிதந்தும் சேற்றில் ஊர்ந்தும் சென்ற ராணுவ ஊர்தி ஒன்றை நாடே தொலைக்காட்சியில் கண்டது. கூரைகளில் தஞ்சம் புகுந்தவர்களை மீட்ட அந்த வண்டியின் பெயர் ஆட்டர் என்1200. இவ்வகை ஊர்திகள் 96 வாங்குவதற்கு 2023-ல் சுமார் ரூ.250 கோடிக்கு ஒப்பந்தம் செய்யப்பட்டது.

வண்டி வந்த கதை இவ்வாறு ஊரறிந்தது. அதன் சக்கர அச்சைத் தாங்கும் பேரிங் தேய்ந்துபோனால் மாற்று எங்கிருந்து வரும், எத்தனை மாதத்தில் வரும் என்பது அவ்வளவாக எவரும் கேட்காத கேள்வி.

நீரிலும் நிலத்திலும் செல்லும் ஊர்திகளுக்கு இது சில்லறை விஷயமல்ல. ஓடிச் சூடேறிய சக்கரக் குடம் திடீரெனக் குளிர்ந்த நீரில் மூழ்குகையில் உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. ரப்பர் சீல் சற்றே தளர்ந்திருந்தாலும் வெளிநீர் உள்ளே உறிஞ்சப்படும். வெள்ள நீரோ வண்டலும் மணலும் கலந்தது. கிரீஸ் பால்போல் வெளுத்துத் தன் வழவழப்பை இழக்கும். எஃகு உருளைகளில் துருப் புள்ளிகள் தோன்றும். முதலில் மெல்லிய முனகல், பிறகு சக்கரத்தில் ஆட்டம். கவனிக்காமல் விட்டால் வண்டி நடுவழியில் நின்றுவிடும். சாலையில் நின்றால் இழுத்து வரலாம். வெள்ளத்தின் நடுவே, மீட்கப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டிருக்கும்போது நின்றால் என்ன செய்வது?

மாற்றுப் பேரிங் வாங்குவது, எண்ணைச் சொல்லிக் கடையில் கேட்டு வாங்கும் காரியம் என்று தோன்றும். கார்களுக்கும் லாரிகளுக்கும் பெரும்பாலும் அப்படித்தான். இந்திய ராணுவத்தில் இன்றும் பெருமளவில் உள்ள சோவியத் வழித் தளவாடங்களுக்கு அந்த எண்ணே பொறியாகிவிடலாம். எடுத்துக்காட்டாக, 7205 என்ற எண் சோவியத் தரமுறையில் கூம்பு உருளை பேரிங்கைக் குறிக்கும். மேற்கத்திய நிறுவனங்களின் பட்டியலில் அதே எண் கோணத் தொடர்புக் குண்டு பேரிங்கைக் குறிக்கும். இரண்டிற்கும் உள்விட்டம் 25 மி.மீ., வெளிவிட்டம் 52 மி.மீ. அகலத்தில் மட்டும் சுமார் 1.25 மி.மீ. வேறுபாடு. சுமை தாங்கும் விதமோ முற்றிலும் வேறு. சோவியத் எண்ணுக்கு நிகரான மேற்கத்திய எண் 30205 என்பதை அறியாமல் ஒப்பந்தப்புள்ளி கோரினால், வந்து சேரும் சரக்கு அச்சில் பொருந்துவது போலவே தோற்றமளிக்கும்.

பி.எம்.பி.-2 என்ற நீர்நிலப் போர் ஊர்தியைச் சோவியத் உரிமத்துடன் 1980-களில் தயாரிக்கத் தொடங்கிய மேடக் ஆலை, ஒரே நாட்டை நம்பி இருப்பதன் விலையை நேரில் கண்டது. சோவியத் யூனியனின் அரசு பேரிங் ஆலைகள் பல நகரங்களில் பரவியிருந்தன. 1991-க்குப் பின் மின்ஸ்க் ஆலை பெலாரஸிலும், கார்கிவ் ஆலை உக்ரைனிலும், சமாரா ஆலை ரஷியாவிலும் போய்ச் சேர்ந்தன. ஒரே அரசின் கிடங்காக இருந்தது மூன்று நாடுகளின் சரக்கானது. 2022-ல் போர் மூண்டபோது கார்கிவ் குண்டுவீச்சுக்கு உள்ளாயிற்று. மற்ற இரு நாடுகளும் மேற்கத்தியத் தடைகளுக்குள் சிக்கின. ரஷியத் தளவாடங்களுக்கான உதிரி பாகங்களை இந்தியாவிலேயே கூட்டாகத் தயாரிக்க 2019 செப்டம்பரில் விளாதிவோஸ்தோக்கில் அரசுகளுக்கிடையே உடன்பாடு கையெழுத்தானது. சற்றுத் தாமதமாக வந்த ஞானம் என்றே சொல்ல வேண்டும்.

மேடக் ஆலை 2021 அக்டோபர் முதல் ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட கவச வாகன நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. இறக்குமதி உதிரி பாகங்களை உள்நாட்டு உற்பத்தியாளர்களுக்குக் காட்ட 2020 ஆகஸ்டில் "ஸ்ரீஜன்" இணையதளம் தொடங்கப்பட்டது. 2024 ஜூலையில் பாதுகாப்பு அமைச்சகம் தந்த கணக்கின்படி, 36 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களில் 12,300-க்கும் அதிகமானவை உள்நாட்டுமயமாகிவிட்டன. கணிசமான சாதனைதான். ஆனால் எண்ணிக்கையைச் சற்று உற்று நோக்க வேண்டும். 2021 டிசம்பரில் வெளியான முதல் பட்டியலில் இருந்த 2,851 பொருள்களில் 2,500 அறிவிப்பின்போதே உள்நாட்டில் தயாரானவை. எத்தனை பொருள் என்பது பட்டியலில் இருக்கிறது. எத்தனை வண்டி ஓடுகிறது என்பது இல்லை.

சிக்கலின் வேர் அளவில் இருக்கிறது. லாரிக்கான பேரிங்கை லட்சக்கணக்கில் உற்பத்தி செய்யும் நிறுவனம், ஆண்டுக்குச் சில நூறு கோரும் ஆணைக்காக இயந்திரத்தை நிறுத்தி அச்சு மாற்றாது. சிறிய நிறுவனம் முன்வந்தாலோ மாதிரியைச் சோதிக்க வேண்டும். சோதனைக்கு ஒரு வண்டியை நீரிலும் மணலிலும் நெடுந்தொலைவு ஓட்டிப் பார்க்க வேண்டும். பணியிலிருந்து அந்த வண்டியை விடுவிக்கப் படைப்பிரிவுகள் எளிதில் உடன்படுவதில்லை. இடைப்பட்ட காலத்தில் போலிச் சரக்கு நுழைகிறது. பிரபல நிறுவனத்தின் முத்திரையை லேசரில் பொறித்த மட்டமான பேரிங்குகள் உலகச் சந்தை முழுவதும் உலவுகின்றன. குறைந்த விலைக்கே ஆணை என்ற விதி அவற்றுக்கு வாசலைத் திறந்து வைக்கிறது.

2025 நவம்பர் 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய பாதுகாப்புக் கொள்முதல் கையேடு, இதில் சிலவற்றைத் தளர்த்தியுள்ளது. உருவாக்கக் கட்டத்தில் தாமத அபராதம் கிடையாது. உள்நாட்டில் உருவாக்கும் பொருளுக்கு ஐந்தாண்டு வரை கொள்முதல் உத்தரவாதம் தரலாம். சிறு நிறுவனங்களுக்கு இந்த உத்தரவாதமே முக்கியம்.

நாடாளுமன்றத்தின் பார்வை இங்கு எட்டுவதில்லை என்பதற்குக் கணக்குமுறையும் ஒரு காரணம். வண்டி மூலதனச் செலவில் வருகிறது. அதைப் பற்றிக் கேள்வி எழும், அறிக்கை வரும், புகைப்படமும் வரும். பின்னாளில் வாங்கும் பேரிங் வருவாய்ச் செலவில் அடங்கிவிடுகிறது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் ஊதியம் தவிர்த்த பராமரிப்பு, செயல்பாட்டுச் செலவுக்கு சுமார் ரூ.1.14 லட்சம் கோடி ஒதுக்கப்பட்டது. அதில் உதிரி பாகத்துக்கு எவ்வளவு, அது இல்லாமல் நின்றுபோன வண்டிகள் எத்தனை என்று அவையில் கேட்டால், தேசப் பாதுகாப்பு கருதி விவரம் தர இயலாது என்பதே வழக்கமான பதில். மூடிய கதவுக்குள் கூடும் பாதுகாப்புத் துறை நிலைக்குழுவுக்கு அந்தத் தடை அவ்வளவாக இல்லை. ராணுவத் தளவாடங்களில் 68 சதவீதம் பழமையானவை என்று 2018-ல் ராணுவத் துணைத் தளபதியிடமிருந்து வெளிப்படையான சாட்சியத்தைப் பெற்றதும் அதே குழுதான்.