வேகம் குறைந்தால் விலை ஏறும் சாலை

காலை எட்டரை மணிக்குச் சிங்கப்பூரின் நகர மையத்தை நோக்கிப் போகும் கார், சாலையின் குறுக்கே உயர்ந்து நிற்கும் ஓர் உலோகச் சட்டத்துக்கு அடியில் நுழைகிறது. தடுப்புக் கட்டை இல்லை, சீட்டுக் கிழிப்பவர் இல்லை, வண்டி வேகத்தைக் குறைக்கவும் வேண்டாம். முன்கண்ணாடியோரம் இருக்கும் சிறு கருவி ஒருமுறை 'பீப்' என்கிறது. பணம் போய்விட்டது. ஊர்க்காரர்கள் இதை இஆர்பி என்பார்கள். அங்குள்ள தமிழ்ச் செய்திகளில் இதற்குப் பெயர் மின்னியல் சாலைக் கட்டணம்.

நம் நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் ஒட்டிய வண்டிக்கும் நடப்பது இதுதானே என்று தோன்றலாம். கருவியளவில் இரண்டும் உறவுதான். நோக்கத்தில் இல்லை. சுங்கச்சாவடி வசூலிப்பது சாலை போட்ட செலவுக்கும் பராமரிப்புக்கும். நள்ளிரவில் தனியாகப் போகும் வண்டியும் அதே தொகையைத்தான் கட்டும். சிங்கப்பூரின் உலோகச் சட்டத்துக்கு அந்தக் கணக்கில் அக்கறை கிடையாது. இந்தச் சாலையில் இந்த நேரத்தில் வண்டிகள் என்ன வேகத்தில் ஓடுகின்றன என்பது மட்டும்தான் அதன் கவலை.

விதி எளிமையானது. விரைவுச்சாலையில் வேகம் மணிக்கு 45 முதல் 65 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். நகரின் முக்கியச் சாலைகளில் 20 முதல் 30. வேகம் அதற்குக் கீழே இறங்கினால் அந்த அரைமணி நேரத்துக்கான கட்டணம் ஏறும். மேலே போனால் இறங்கும், சில இடங்களில் இல்லாமலேயே போகும். சராசரி வேகம் ஏமாற்றும் என்பதால், 2008 முதல் நூறு வண்டிகளில் குறைந்தது எண்பத்தைந்து இந்த வேகத்தில் போகின்றனவா என்று பார்க்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டணப் பட்டியல் மறுபரிசீலனைக்கு வரும். பள்ளி விடுமுறை மாதங்களான ஜூனிலும் டிசம்பரிலும் பல இடங்களில் கட்டணம் குறையும். 2020 ஏப்ரலில் கொரோனாவால் ஊரே வீட்டுக்குள் முடங்கியபோது எல்லா இடங்களிலும் வசூலை நிறுத்திவிட்டார்கள். நெரிசல் இல்லாதபோது எதற்குக் கட்டணம்?

வேகம் கூடினால் நல்லதுதானே, அதற்கு ஏன் மேல்வரம்பு? சாலைப் பொறியியலின் சுவாரசியமான இடம் இதுதான். ஒரு தடத்தில் மணிக்கு எத்தனை வண்டிகள் கடக்கின்றன என்பது, வண்டிகள் எவ்வளவு நெருக்கமாக வருகின்றன, எவ்வளவு வேகமாக வருகின்றன என்ற இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது. பறக்கும் வண்டிகள் இடைவெளி விட்டுப் பறக்கும். சாலையில் பாதி வெறும் தார். ஊர்ந்துபோகும் வண்டிகள் நெருங்கி நிற்கும், ஆனால் நகராது. இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு வேகத்தில்தான் சாலை அதிகபட்ச வண்டிகளைக் கடத்தும். அந்த உச்சிக்கு மேல் கொஞ்சம் வண்டிகள் கூடினாலும் ஒருவர் பிரேக்கை மிதிக்க, பின்னால் வருபவர் இன்னும் அழுத்தி மிதிக்க, சாலையின் கொள்ளளவே சுருங்கிவிடும். அதனால் நெரிசலைத் தீர்க்க எல்லாரையும் சாலையிலிருந்து துரத்த வேண்டியதில்லை. ஒரு சிறு பங்கினர் அரைமணி நேரம் தள்ளிக் கிளம்பினாலோ பேருந்தில் ஏறினாலோ போதும். கட்டணம் அந்தச் சிறு பங்கினரைத்தான் குறிவைக்கிறது.

இந்த யோசனையை 1950களிலும் 60களிலும் விடாமல் சொல்லிவந்தவர் வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர். 1996இல் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது; மூன்றே நாளில் இறந்துபோனார்.

சிங்கப்பூர் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. 1975 ஜூனில், கணினியின் துணையே இல்லாமல், காகித உரிமச் சீட்டோடு தொடங்கிவிட்டது. நாளுக்கு 3 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்துச் சீட்டை வாங்கி முன்கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். நகர மையத்தின் எல்லையில் நின்ற காவலர்கள் கண்ணாலேயே சரிபார்த்து, சீட்டில்லாத வண்டிகளின் எண்ணைக் குறித்துக்கொண்டார்கள். காலை நேரத்தில் உள்ளே நுழையும் வாகனங்கள் ஏறக்குறைய 44 விழுக்காடு குறைந்தன. மக்களும் சும்மா இருக்கவில்லை. முதலில் கட்டுப்பாடு ஒன்பதரை மணியோடு முடிந்ததால், ஒன்பதரை ஆனதும் ஒரே தள்ளுமுள்ளு, அதனால் 10.15 வரை நீட்டினார்கள். நான்கு பேர் இருந்தால் காருக்குக் கட்டணம் இல்லை என்ற சலுகையைப் பயன்படுத்த, கார்க்காரர்கள் பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்களை ஏற்றிக்கொண்டார்கள். 1989இல் அந்தச் சலுகை போயிற்று.

காகிதத்தின் உண்மையான குறை வேறு. ஒருமுறை சீட்டு வாங்கினால் அன்று எத்தனை முறை வேண்டுமானாலும் உள்ளே போய் வரலாம். 1998இல் மின்னியல் முறை வந்ததும் ஒவ்வொரு நுழைவுக்கும் தனிக் கட்டணம் என்றானது. வண்டி சட்டத்தை நெருங்கும்போது அதிலுள்ள ஆன்டெனா காருக்குள் இருக்கும் கருவியோடு குறுகிய தூர வானொலி அலையில் பேசுகிறது. வண்டியின் வகையைத் தெரிந்துகொண்டு, அந்த நேரத்துக்கான தொகையைக் கருவியில் செருகிய பண அட்டையிலிருந்து கழிக்கிறது. அட்டை இல்லை, பணம் போதவில்லை என்றால் கேமரா எண் தகட்டைப் படமெடுக்கும். உரிமச் சீட்டுக் காலத்தோடு ஒப்பிட்டாலும் நகருக்குள் போக்குவரத்து இன்னும் 10 முதல் 15 விழுக்காடு குறைந்தது.

புது முறையிலும் சாமர்த்தியசாலிகள் இருந்தார்கள். கட்டணம் மாறும் நிமிடத்துக்காகச் சட்டத்துக்குச் சற்று முன்னால் வண்டியை உருட்டிக்கொண்டே காத்திருப்பார்கள். வேறு சிலர் கட்டணம் ஏறுவதற்குள் கடந்துவிட மிதித்துப் பறப்பார்கள். எனவே 2003 முதல் தொகையை ஒரேயடியாக மாற்றாமல், நடுவில் ஐந்து நிமிடத்துக்கு இடைப்பட்ட கட்டணம் ஒன்றைச் செருகினார்கள். கருவியைவிட இந்தத் திருத்தம்தான் புத்திசாலித்தனம் என்று தோன்றுகிறது.

கட்டணம் மட்டும் சாலையை ஆள்வதில்லை. சந்திப்புகளில் தாருக்கு அடியில் புதைத்த கம்பிச் சுருள்களின் மேல் வண்டி நின்றால் அவற்றின் மின்காந்தப் புலம் மாறும். எத்தனை வண்டி எந்தப் பக்கம் என்பதை வைத்துச் சிக்னல் தன் பச்சை நேரத்தைக் கூட்டிக் குறைக்கும். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் உருவான ஸ்காட்ஸ் முறையின் சிங்கப்பூர் வடிவம் இது; பெயர் கிளைட். 2009 முதல், முதியவர்கள் தங்கள் அட்டையைச் சிக்னல் கம்பத்தில் தொட்டால் சாலையைக் கடக்க மூன்று முதல் பதின்மூன்று வினாடி வரை கூடுதலாகக் கிடைக்கும் வசதியும் வந்தது.

இதையெல்லாம் அப்படியே பெயர்த்து இன்னோர் ஊரில் நட்டுவிட முடியாது. சிங்கப்பூரில் கார் வாங்கவே ஏலத்தில் பத்தாண்டு உரிமைச் சான்றிதழ் எடுக்க வேண்டும். 2023இல் அதன் விலை ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியது. காரை விட்டுவிட்டு வருகிறவருக்கு எம்ஆர்டி ரயிலும் பேருந்தும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அந்த மாற்று வழி இல்லாத ஊரில் சாலையின் குறுக்கே உலோகச் சட்டத்தை நிறுத்தினால் அது வெறும் வரிதான். சிங்கப்பூரிலும் பணக்காரருக்கு இந்தக் கட்டணம் உறைக்காது என்ற விமர்சனம் நியாயமானது.

இப்போது அந்த உலோகச் சட்டங்கள் இல்லாமலேயே இயங்கக்கூடிய அடுத்த தலைமுறை வந்திருக்கிறது. 2016இல் 55.6 கோடி வெள்ளிக்கு ஒப்பந்தமாகி, 2023 இறுதியிலிருந்து வண்டிகளில் பொருத்தப்படும் புதிய கருவி, செயற்கைக்கோள் உதவியால் வண்டி இருக்கும் இடத்தை அறியும். நெரிசல் எங்கே கூடினாலும் அங்கே கம்பம் நடாமல் கட்டணம் விதிக்கலாம். ஓடிய தூரத்துக்கேற்ப வசூலிக்கவும் தொழில்நுட்பம் இடம் தருகிறது. ஆனால் இடத்தை அறியும் கருவி ஒரு பழைய அச்சத்தை நினைவூட்டுகிறது. ஹாங்காங் 1983 முதல் 1985 வரை மின்னியல் கட்டணத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டதற்கு, யார் எங்கே போகிறார் என்பதை அரசு குறித்துவைக்கும் என்ற அச்சமும் ஒரு காரணம். அப்போது அந்தக் கருவிகளுக்குத் தெரிந்ததெல்லாம் சாலையில் சில இடங்களைக் கடந்த நேரம் மட்டுமே.